ஃபுட்பால் அணிக்குப் பயிற்சியாளர்கள் கிடைக்கிறார்கள், வேதியியலுக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை: பெற்றோர் யாரிடம், எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவனின் தந்தை

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸ் மாநிலப் பொதுப்பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களும் அப்பள்ளிகளில் ஆசிரியர்களாகப் பணியாற்றுபவர்களும் இங்கே பலர் இருப்பதால், சில வாரங்களாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் மகன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். பள்ளியின் ஜூனியர் வார்சிட்டி (முதன்மை அணியான வார்சிட்டிக்கு அடுத்த நிலை) ஃபுட்பால் அணியில் ஆடுகிறான். கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால். சேர்க்கும்போது அடிபடுமோ என்று அவனுடைய அம்மா பயந்தார், படிப்பு கெடுமோ என்று நான் பயந்தேன். ஆனால், விடியற்காலையில் யாரும் எழுப்பாமல் எழுந்திருக்கவும், தோற்றுவிட்டு வந்த மறுநாளும் தலைநிமிர்ந்து பள்ளிக்குப் போகவும் அவன் கற்றுக்கொண்டது அந்த மைதானத்தில்தான் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆகவே நான் எழுதப்போவதை விளையாட்டுக்கு எதிரான புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகஸ்டில் பள்ளி திறந்த நாள் முதல் அவனுடைய வேதியியல் வகுப்புக்கு நிலையான ஆசிரியர் இல்லை. இப்போது வந்திருப்பவர் மூன்றாவது மாற்று ஆசிரியர். நல்ல மனிதர்தான், ஆனால் வேதியியல் படித்தவர் அல்லர் என்று அவரே பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். மாணவர்கள் மடிக்கணினியைத் திறந்து ஒரு பயிற்சித் தாளை நிரப்பிவிட்டு அமர்ந்திருக்கிறார்கள். ஆய்வகக் கண்ணாடிகள் வாங்கிய பிளாஸ்டிக் உறையிலேயே இருக்கின்றன. அதே பள்ளியில், ஃபுட்பால் துணைப் பயிற்சியாளர்களுக்கான இடங்கள் அனைத்தும் கோடை விடுமுறைக்கு முன்பே நிரப்பப்பட்டுவிட்டன.

சென்ற வியாழக்கிழமை வெளியூர் ஆட்டம் முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு வந்தான். காலணியைக் கழற்றியதும் செயற்கைப் புல்தரையின் கறுப்பு ரப்பர் துகள்கள் தரையெங்கும் சிதறின. அவற்றைக் கூட்டிக்கூடத் தள்ளாமல் அப்படியே உட்கார்ந்து வேதியியல் குறிப்பேட்டைத் திறந்தான். ஐந்து வாரப் பக்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதியும் தலைப்பும் அழகாக எழுதப்பட்டிருந்தன. தலைப்புக்குக் கீழே எதுவும் இல்லை. 'மோல் என்றால் என்ன அப்பா?' என்று கேட்டான். நான் படித்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. நினைவில் இருந்ததைக் கொண்டு பதினொன்றரை வரை சொல்லிக்கொடுத்தேன். அதன் பிறகு அவன் மேசையிலேயே உறங்கிவிட்டான்.

இதற்கிடையே எங்கள் பள்ளி மாவட்டம் (இப்பகுதிப் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்பு) நவம்பர் தேர்தலில் கடன் பத்திரத் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவருகிறது. அதில் புதிய விளையாட்டரங்கமும் அடக்கம். எங்களுக்கு இன்னும் வாக்குரிமை இல்லை. சொத்து வரி மட்டும் கட்டுகிறோம். அரங்கத்துக்குப் பணம் இருக்கும் மாவட்டத்தில் ஓர் ஆசிரியருக்குப் பணம் இல்லாமல் போவது எப்படி? இதை யாரிடம், எந்த வடிவில் கேட்டால் பதில் கிடைக்கும்? அதுவரை மகனை அணியிலிருந்து விலக்கிவிடுவது சரியா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: கடன் பத்திரத்துக்கான குடிமக்கள் குழுவில் பணியாற்றியவர்

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது சரியான வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதற்காக முதலில் பணக்கணக்கைச் சொல்கிறேன்.

டெக்சஸில் பள்ளி மாவட்டம் வசூலிக்கும் சொத்து வரிக்கு இரண்டு பைகள் உண்டு. ஒன்று அன்றாடப் பராமரிப்புக்கும் நடைமுறைச் செலவுக்குமான வரி. ஆசிரியர் சம்பளம், மின்கட்டணம், பேருந்து எரிபொருள் எல்லாம் அதிலிருந்து வருகின்றன. மற்றொன்று வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த கடன் பத்திரங்களுக்கு வட்டியும் அசலும் கட்டுவதற்கான வரி. இரண்டாவது பையின் பணத்தைக் கட்டடம், நிலம், பேருந்து போன்ற நிலையான பொருள்களுக்குச் செலவிடலாமே தவிர, சம்பளத்துக்கு ஒரு டாலர்கூட எடுக்கச் சட்டம் இடம் தராது. எனவே அரங்கத் தீர்மானம் தோற்றுப்போனாலும் உங்கள் வேதியியல் வகுப்புக்கு ஆசிரியர் வந்துவிட மாட்டார். எங்கள் குழுவில் இதை விளக்கியபோது பலர் முதல்முறை கேட்பதாகச் சொன்னார்கள். இதை மாவட்டங்கள் இன்னும் தெளிவாக மக்களிடம் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்காக அரங்கம் இலவசம் என்று பொருள் அல்ல. கட்டி முடித்த பிறகு விளக்கு, புல்தரை, காவல், பழுதுபார்ப்பு எல்லாம் முதல் பையிலிருந்துதான் போகும். ஆலன் நகரப் பள்ளி மாவட்டம் 2009இல் ஒப்புதல் பெற்ற 11.9 கோடி டாலர் கடன் பத்திரத்திலிருந்து சுமார் 6 கோடி டாலர் செலவில் 18,000 இருக்கைகள் கொண்ட அரங்கத்தைக் கட்டி 2012இல் திறந்தது. இரண்டே ஆண்டுகளில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு, 2014 பருவம் முழுவதும் அதை மூடிவைத்துச் சரிசெய்து 2015இல்தான் மீண்டும் திறக்க முடிந்தது. எனவே அரங்கம் பற்றிய கூட்டத்தில் கேட்க வேண்டியது கட்டுமானச் செலவை மட்டும் அல்ல, ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புச் செலவு எவ்வளவு, அது எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும்தான்.

இன்னொன்று. 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, ஆயிரம் பேருக்கு மேல் அமரும் அரங்கத்தை வகுப்பறைகளோடு சேர்த்து ஒரே தீர்மானமாக வைக்க முடியாது. அது வாக்குச்சீட்டில் தனித் தீர்மானமாக வர வேண்டும். ஆகவே வாக்குரிமை உள்ள உங்கள் அண்டை வீட்டார் வகுப்பறைக்கு ஆம் என்றும் அரங்கத்துக்கு இல்லை என்றும் தனித்தனியாகச் சொல்லலாம், அல்லது இரண்டுக்கும் ஆம் என்றும் சொல்லலாம்.

சம்பளப் பையின் நிலை வேறு. மாணவர் ஒருவருக்கு மாநிலம் கணக்கிடும் அடிப்படைத் தொகை 2019இல் 6,160 டாலராக நிர்ணயிக்கப்பட்டு, விலைவாசி ஏறிய அத்தனை ஆண்டுகளும் அசையாமல் நின்று, 2025இல்தான் 55 டாலர் கூடியது. அதே 2025ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர் ஊதிய உயர்வுக்கெனத் தனி நிதியும் ஒதுக்கியது. 5,000க்கு மேல் மாணவர்கள் உள்ள மாவட்டங்களில் மூன்று, நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு 2,500 டாலரும் ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 5,000 டாலரும் கிடைக்கின்றன. கவனியுங்கள், அது அனுபவத்தைப் பார்த்துத் தரப்படுகிறது, பாடத்தைப் பார்த்து அல்ல. வேதியியல் ஆசிரியரை ஈர்க்க வேண்டுமானால் மாவட்டம்தான் தன் பையிலிருந்து ஏதாவது செய்ய வேண்டும்.

மறுமொழி 2: கணித ஆசிரியை, டெக்சஸ் பொதுப்பள்ளி

மேலே எழுதியவர் சொன்ன பணக்கணக்கு சரியானது. ஆனால் பள்ளிக்குள்ளே பற்றாக்குறை வேறு ஒன்றிலும் இருக்கிறது, பெற்றோர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. பணியிடங்களையும் பாடவேளைகளையும் சொல்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக உள்ளிருந்து பார்ப்பவள் என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

இம்மாநிலத்தில் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பின் விதிப்படி, அணிக்குப் பயிற்சி அளிப்பவர் பொதுவாக அந்தப் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும். மாலையில் மட்டும் வந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போகும் ஒருவரை வைத்துக்கொள்ள முடியாது. இந்த விதியின் நோக்கம் நல்லது; பிள்ளைகளோடு பழகுபவர் பள்ளிக்குப் பொறுப்பானவராக இருக்க வேண்டும் என்பதே அது. ஆனால் விளைவு என்னவென்றால், ஒவ்வொரு துணைப் பயிற்சியாளரோடும் ஓர் ஆசிரியர் பணியிடமும் சேர்ந்தே போகிறது. தலைமைப் பயிற்சியாளர் தற்காப்பு வரிசைக்கு ஒருவர் வேண்டும் என்று கேட்டால், முதல்வர் அவருக்கு ஒரு வகுப்பறையைத் தேடிக்கொடுக்க வேண்டும். விண்ணப்பித்தவரிடம் சமூக அறிவியல் அல்லது உடற்கல்விச் சான்றிதழ் இருந்தால், காலியாகும் இடம் அப்பாடத்துக்கானதாக மாற்றப்படுகிறது. மொத்தப் பணியிடங்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. வேதியியலுக்கு இருந்திருக்கக்கூடிய ஓரிடம் வேறு பெயரில் நிரம்பிவிடுகிறது, அவ்வளவே.

இரண்டாவது, பாடவேளை. அணிக்கென்று பள்ளி நேரத்துக்குள்ளேயே விளையாட்டுப் பாடவேளை ஒன்று உண்டு. பெரும்பாலும் அது நாளின் முதல் அல்லது கடைசிப் பாடவேளையாக இருக்கும். அந்த நேரத்தில் அணியின் பயிற்சியாளர்கள் அனைவரும் மைதானத்தில் இருப்பார்கள். மற்ற ஆசிரியர் ஆறு வகுப்பு எடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர் நான்கோ ஐந்தோதான் எடுக்க முடியும். மீதமுள்ள மாணவர்கள் எங்கே போவார்கள்? எங்கள் வகுப்புகளுக்குத்தான் வருவார்கள். என் கடைசிப் பாடவேளை வகுப்பில் எப்போதும் முப்பத்துநான்கு, முப்பத்தைந்து பேர் இருக்கிறார்கள், முதல் வகுப்பில் இருபத்தாறு பேர். இந்த வேறுபாட்டின் காரணத்தை எந்தப் பெற்றோரும் என்னிடம் இதுவரை கேட்டதில்லை.

வியாழக்கிழமைகளைப் பற்றியும் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு அணிக்கும் ஜூனியர் வார்சிட்டி அணிக்கும் பெரும்பாலும் அன்றுதான் ஆட்டம். பேருந்து மதியமே புறப்பட்டுவிடும். கடைசி வகுப்புக்கு ஆசிரியர் இருக்க மாட்டார். மாற்று ஆசிரியர் கிடைக்காத நாள்களில் எங்களுக்கு உள்ள ஒரே ஓய்வுவேளையில், விடைத்தாள் திருத்த வேண்டிய அந்த ஐம்பது நிமிடத்தில், நாங்கள் போய் அந்த வகுப்பில் அமர்கிறோம். ஆசிரியர்கள் இந்தத் தொழிலை விட்டு ஏன் போகிறார்கள் என்று கேட்பவர்களிடம் நான் சம்பளத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

பயிற்சியாளர்கள் மோசமான ஆசிரியர்கள் என்று தயவுசெய்து முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கள் தாழ்வாரத்தில் இயற்கணிதத்தை மிகச் சிறப்பாக நடத்துபவர் தாக்கு வரிசைப் பயிற்சியாளர்தான். ஒரு மாணவன் செய்த தவறை அவனைக் கொண்டே கண்டுபிடிக்க வைக்கும் பொறுமை அவரிடம் நான் கற்றது. அவரும் மாலை ஏழு மணிக்கு மைதானத்தை விட்டு, சனிக்கிழமை காலை ஆட்டப் பதிவுகளைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை அடுத்த வாரத் திட்டம் போட்டுவிட்டுத்தான் தன் பாடத்துக்குத் தயாராகிறார். அவருக்கும் இந்த ஏற்பாடு நியாயம் செய்யவில்லை.

மதிப்பெண் விஷயத்தில் ஆசிரியர் மீது விழும் அழுத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். 70க்குக் கீழே எடுத்த மாணவன் ஆட்டத்தில் இறங்க முடியாது என்பது இங்கே விதி. டாலஸ் நகரின் கார்ட்டர் பள்ளி 1988இல் வென்ற மாநில ஃபுட்பால் பட்டம், ஒரே ஒரு மாணவனின் இயற்கணித மதிப்பெண் குறித்த வழக்கின் முடிவில் 1991இல் பறிக்கப்பட்டு கன்வர்ஸ் ஜட்சன் பள்ளிக்குக் கொடுக்கப்பட்டது. ஊர் முழுவதும் ஒரு மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைப் போட்ட கை எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அவ்வளவு பெரிய அளவில் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு அக்டோபரிலும் '68 போட்டிருக்கிறீர்களே, ஒரு தாளை மறுபடி எழுத வைக்க முடியுமா?' என்ற மின்னஞ்சல் எனக்கு வருகிறது. சில நேரம் மறுதேர்வு அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே தேவையாக இருக்கும், அப்போது நடத்துகிறேன். தேவை அணிக்கு மட்டும் என்று தெரிந்தால் மறுக்கிறேன்.

இனி உங்களுக்கு. மாவட்ட நிர்வாகத்திடம் 'விளையாட்டுக்கு ஏன் முன்னுரிமை?' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எண்ணிக்கையைக் கேளுங்கள். பயிற்சிப் பொறுப்பு உள்ள ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை வகுப்பு எடுக்கிறார்கள், யாரிடம் எந்தப் பாடச் சான்றிதழ் இருக்கிறது, வேதியியல் இடம் எத்தனை நாள் காலியாக இருக்கிறது, பயிற்சியாளருக்குச் சம்பளத்துக்கு மேல் கூடுதல் படி கொடுக்கப்படுவது போல வேதியியலுக்கும் கொடுக்க முன்வந்தார்களா என்று கேளுங்கள். பொதுத் தகவல் சட்டப்படி இவை அனைத்தும் கேட்டுப் பெறக்கூடியவை. மேலும், உரிய சான்றிதழ் இல்லாதவர் தொடர்ந்து 30 பாட நாள்களுக்கு மேல் ஒரு வகுப்பை நடத்தினால் பெற்றோருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று மாநிலக் கல்விச் சட்டம் கூறுகிறது. அந்தக் கடிதம் உங்களுக்கு வந்ததா? 2015இல் வந்த 'புத்தாக்க மாவட்டம்' என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்திச் சில மாவட்டங்கள் இந்த விதியிலிருந்து விலக்குப் பெற்றதுண்டு. உங்கள் மாவட்டம் அப்படிப் பெற்றிருக்கிறதா என்பதை அதன் இணையதளத்தில் உள்ள திட்ட ஆவணத்திலேயே பார்க்கலாம். அண்மை ஆண்டுகளில் டெக்சஸில் புதிதாக நியமிக்கப்பட்ட ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சான்றிதழ் இல்லாதவர் என்பதால் இது உங்கள் பள்ளியின் தனிப்பிரச்சினை அன்று.

மறுமொழி 3: முன்னாள் வார்சிட்டி வீரரின் தாய்

ஆசிரியை அம்மா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் மகனை விலக்குவதா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன்: விலக்காதீர்கள்.

என் மகனுடைய நான்கு ஆண்டு உயர்நிலைப் பள்ளிப் படிப்பில், திங்கள்கிழமை தவறாமல் அவனுடைய மதிப்பெண்களைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரே பெரியவர் அவனுடைய பயிற்சியாளர்தான். அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1984இல் ஆளுநர் மார்க் வைட் ஆட்சியில், தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழுவின் பரிந்துரையால் வந்த 'தேறாதவர் ஆடக்கூடாது' என்ற விதி அது. எந்தப் பாடத்திலாவது 70க்குக் கீழே போனால் முதலில் ஆறு வாரம் தடை என்று இருந்தது, 1995இல் மூன்று வாரமாகக் குறைக்கப்பட்டது. தடைக் காலத்தில் பயிற்சிக்குப் போகலாம், ஆட்டத்தில் இறங்க முடியாது. பள்ளி வாரத்தில் வகுப்பு நேரத்துக்கு வெளியே ஒரு விளையாட்டுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்றும் விதி இருக்கிறது. உங்கள் மகனுக்கு அதைத் தாண்டுகிறதா என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். தாண்டினால் பயிற்சியாளரிடம் மரியாதையோடு சொல்லலாம், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

அதே நேரத்தில் இந்த விதியில் நான் கண்ட குறையையும் மறைக்க மாட்டேன். அது 70ஐ மட்டுமே பார்க்கிறது. மாற்று ஆசிரியர் நடத்தும் வகுப்பில் எல்லோருக்கும் 85 விழும். பிள்ளை தகுதியோடு ஆடுவான், வீடும் நிம்மதியாக இருக்கும், பாடம் மட்டும் தெரிந்திருக்காது. எங்கள் வீட்டில் அது இயற்பியலில் நடந்தது. கல்லூரி முதல் பருவத்தில் அவன் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

கல்லூரி விளையாட்டைப் பற்றிய கனவு இருந்தால் இதையும் அறிந்துகொள்ளுங்கள். உயர்நிலைப் பள்ளியில் ஃபுட்பால் ஆடும் பிள்ளைகள் நாடு முழுவதும் சுமார் 10 லட்சம் பேர். அவர்களில், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கல்லூரி அணிகளில் ஏதோ ஒரு பிரிவில் ஆடுகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். முதல் பிரிவில் ஆட 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் (4க்கு) குறைந்தது 2.3 சராசரியும் வேண்டும். அந்தப் பாடங்களில் பத்தை, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். ஆகையால் வேதியியல் வகுப்பு சரியாக நடப்பது அவனுடைய ஆட்டத்துக்கும் தேவையான ஒன்று. பயிற்சியாளரிடம் பேசும்போது இப்படியே தொடங்குங்கள், அவர் உங்களோடு நிற்பார்.

மறுமொழி 4: பேண்டு மாணவியின் தாய்

ஃபுட்பாலைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். வெள்ளிக்கிழமை இரவு இடைவேளையில் மைதானத்தில் இறங்கும் பேண்டு பிள்ளைகளுக்கும் இதே நிலைதான் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்நிலை இயற்பியல் எங்கள் பள்ளியில் ஒரே ஒரு பாடவேளையில்தான் நடக்கிறது, அது பேண்டு பாடவேளையோடு மோதியதால் என் மகள் ஒன்றைக் கைவிட நேர்ந்தது. இன்னோர் இயற்பியல் ஆசிரியர் இருந்திருந்தால் இரண்டாவது வகுப்பு திறந்திருப்பார்கள். இசைப்பாடம் போனதா இயற்பியல் போனதா என்று இங்கே எழுத மனம் வரவில்லை.

மறுமொழி 5: மாற்றுக் கருத்து உடையவர்

எல்லோரும் மென்மையாகப் பேசுகிறீர்கள். தெற்கு டெக்சஸில் பிரீமாண்ட் என்ற சிறு மாவட்டம், மாநில அரசு பள்ளியையே மூடிவிடும் என்ற நிலை வந்தபோது, 2012இல் விளையாட்டுகள் அனைத்தையும் நிறுத்தியது. அந்த ஆண்டு சுமார் 1,50,000 டாலர் மிச்சமானது. முந்தைய ஆண்டின் இலையுதிர்ப் பருவத்தில் பாதி மாணவர்கள்தான் எல்லா வகுப்பிலும் தேறியிருந்தார்கள். நிறுத்திய பிறகான முதல் இலையுதிர்ப் பருவத்தில் நூற்றுக்கு எண்பது பேர் தேறினார்கள். பெற்றோர்–ஆசிரியர் சந்திப்புக்கு முந்தைய ஆண்டு ஆறு பேர் வந்த இடத்தில் ஏறத்தாழ 160 பேர் வந்தார்கள். பள்ளி என்பது முதலில் படிப்பதற்கான இடம். ஆட்டம் வேண்டுமென்றால் ஊர்க் கழகங்கள் நடத்தட்டும்.

மறுமொழி 6: கணித ஆசிரியை, டெக்சஸ் பொதுப்பள்ளி

பிரீமாண்ட் மக்கள் காட்டிய துணிவை நானும் மதிக்கிறேன். ஆனால் பள்ளியே மூடப்படும் என்ற அச்சத்தில் ஊர் முழுவதும் திரண்டு நின்ற காலம் அது. மாற்றம் அத்தனையும் விளையாட்டு நின்றதால் மட்டுமே வந்தது என்று அந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. விளையாட்டுகளும் பின்னர் அங்கே படிப்படியாகத் திரும்பின. ஊர்க் கழகங்களுக்கு விட்டால், கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் வெளியே நிற்பார்கள். என் வகுப்பில் அந்த ஆட்டத்துக்காகவே பள்ளிக்கு வரும் மூன்று பிள்ளைகளை என்னால் பெயர் சொல்லாமல் சுட்டிக்காட்ட முடியும். மிகச் சிறிய பள்ளிகளுக்கு, 1934இல் நெப்ராஸ்காவில் தோன்றிய ஆறு பேர் ஆடும் ஃபுட்பால் இங்கேயும் இருக்கிறது. எண்பது கெஜ மைதானமும் ஓரிரு பயிற்சியாளர்களும் போதும். நிறுத்துவதற்கும் 18,000 இருக்கைக்கும் நடுவே இத்தனை படிகள் இருக்கின்றன.

மறுமொழி 7: கேள்வி கேட்ட தந்தை

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

முதலில் தலைமைப் பயிற்சியாளரைச் சந்தித்தேன். தாய் ஒருவர் இங்கே எழுதியபடியே 16 பாடங்களில் தொடங்கினேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, அணியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர் அதே வேதியியல் வகுப்புகளில் இருப்பதைத் தன் பட்டியலைப் பார்த்து அவரே சொன்னார். எல்லோருக்கும் மதிப்பெண் 80க்கு மேல் இருந்ததால் இது தன் கவனத்துக்கு வரவே இல்லை என்று வருந்தினார். அந்த வருத்தம் உண்மையானது என்று எனக்குத் தோன்றியது.

பின்னர் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போனேன். முன்கூட்டியே பெயர் பதிந்தால் வாக்குரிமை இல்லாதவர்களும் பேசலாம் என்பது அங்கேதான் எனக்குத் தெரியவந்தது. நம்மவர்களில் பலர் இதை அறியாமல் ஒதுங்கியிருக்கிறோம். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அரங்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மகனின் குறிப்பேட்டை எடுத்துப்போய், தலைப்புக்குக் கீழே வெறுமையாக இருந்த பக்கங்களைக் காட்டிவிட்டு, ஆசிரியை எழுதித்தந்த எண்ணிக்கைக் கேள்விகளை மட்டும் படித்தேன். எனக்குப் பின்னால் பேசவிருந்த இரண்டு பெற்றோர், இதே கேள்விகள்தாம் எங்களுடையவையும் என்று சொல்லி அமர்ந்தார்கள்.

30 நாள் கடிதம் வராததற்குக் காரணம், மாவட்டம் அந்த விதியிலிருந்து விலக்குப் பெற்றிருந்ததுதான். ஆனால் இனிமேல் காலியிடங்களைப் பற்றி ஒவ்வொரு மதிப்பெண் காலத்திலும் பெற்றோருக்குத் தெரிவிப்பதாகக் கண்காணிப்பாளர் கூட்டத்திலேயே கூறினார். பொதுத் தகவல் சட்டப்படி கேட்டதில் ஒரு செய்தியும் கிடைத்தது. துணைப் பயிற்சியாளர்களில் ஒருவரிடம் ஏழு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அறிவியல் சான்றிதழ் இருக்கிறது. அவருக்கு இப்போது ஒதுக்கப்பட்டிருப்பவை உடற்கல்வி வகுப்புகள். விசாரித்தபோது, பணியில் சேரும்போது அந்த இடம்தான் காலியாக இருந்தது என்றார்கள். பருவம் முடிந்து ஜனவரியில் அவர் இரண்டு வேதியியல் வகுப்புகளை ஏற்பது குறித்து முதல்வர் பேசிக்கொண்டிருக்கிறார். எழுத்தில் இன்னும் எதுவும் வரவில்லை.

மகன் ஆடிக்கொண்டுதான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவனோடு அணியில் உள்ள நான்கு பேர் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நான் இரவில் படித்துத் தயார்செய்துகொண்டு சொல்லிக்கொடுக்கிறேன். மோல் முடிந்து வேதிச்சமன்பாடுகளைச் சமன்படுத்துவதில் இருக்கிறோம். ஆசிரியை அவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது: அந்த அறிவியல் சான்றிதழ் வேதியியலை நடத்தப் போதுமானதா, அல்லது தனித் தேர்வு எழுத வேண்டுமா? முதல்வரிடம் இதை நானே எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

மறுமொழி 8: கணித ஆசிரியை, டெக்சஸ் பொதுப்பள்ளி

போதும் ஐயா. அந்தச் சான்றிதழ் உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றுக்கும் பொருந்தும். ஆனால் ஜனவரியில் அவர் வேதியியலுக்கு வந்தால் அவருடைய உடற்கல்வி வகுப்புகளை யார் ஏற்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அந்தப் பதில் இல்லாவிட்டால் முதல்வர் கடைசி நேரத்தில் பின்வாங்கக்கூடும்.